பித்தளைக் கம்பியில் ஒரு கோடு

அத்தியாயம் ஆறு

நாலு மணிக்குக் கைது. இப்போது பதினொன்றே கால்.

கைதாகப் போகிற அம்மாளோ சாவகாசமாக ஒரு மரக்கம்பியைத் தன் பட்டறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கானால் அந்த இடத்தில் காய்ச்சல் வந்திருக்கும்.

"இது ஆகாது," என்று கம்பியை மூலையில் எறிந்தார். "ரேகை பாதியில வெளியே ஓடுது. குண்டை இடிக்கும்போது சாய்வா முறிஞ்சு உள்ளங்கையில ஏறிடும்."

"இன்னிக்கு சாயங்காலம் உங்களைக் கூட்டிட்டுப் போறாங்க. இப்பவும் கம்பி பார்க்கறீங்க," என்றேன்.

"கூட்டிட்டுப் போற வரைக்கும் வேலை இருக்கே தம்பி."

பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த என் அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்று அர்த்தம். அண்ணி துப்பறிகிறவர். அண்ணன் வீட்டில் சமைக்கிறான், அதுவும் பிரமாதமாக. எனக்கு இரண்டும் வராது என்பதால் அண்ணிக்கு உதவியாளன் என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே போகிறேன். வயது முப்பத்து நாலு. பெண் வீட்டார் என்ன வேலை என்று கேட்டால் 'ஆராய்ச்சி' என்று அம்மா சொல்கிறாள்.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே பழைய பாணித் துப்பாக்கி சங்கம் என்று ஒன்று இருக்கிறது. துப்பாக்கியின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே குண்டை வைத்து, நீளமான கம்பியால் இடித்து அடிவரை இறக்கி, அப்புறம் சுட வேண்டும். உலகம் எப்போதோ கைகழுவிவிட்ட இந்த வேலையை, வேறு வேலை இல்லாத வசதியான ஆசாமிகள் சனி, ஞாயிறுகளில் தோல் தொப்பி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். சுடுவது அட்டையை. அட்டை திருப்பிச் சுடாது என்பதால் அங்கே எல்லோரும் வீரர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவரின் மாப்பிள்ளை மாமனாரின் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குழல் வெடித்தது. இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. காரணம், உள்ளே ஏற்கெனவே ஒரு மருந்தும் குண்டும் இருந்திருக்கிறது. சனிக்கிழமை காலை சுடப்போகிற நேரத்தில் மழை வந்து, குண்டு கெட்டித்த துப்பாக்கியை அப்படியே ஸ்டாண்டில் வைத்துவிட்டார்கள். அங்கே அது சகஜமாம். மாப்பிள்ளை அதன் மேலேயே இன்னொரு மருந்தையும் குண்டையும் போட்டிருக்கிறார்.

பார்க்காமல் போட்டாரா என்றால் இல்லை. அதற்குத்தான் கம்பியில் ஒரு கோடு உண்டு. காலித் துப்பாக்கியில் கம்பியை அடிவரை விட்டு, குழலின் வாய்க்கு நேராக வருகிற இடத்தில் கம்பியைச் சுற்றி ஒரு கோடு கிழித்து வைப்பார்கள். அடுத்த தடவை கம்பியை விடும்போது கோடு வாய்க்கு நேராக நின்றால் துப்பாக்கி காலி. வாய்க்கு மேலே நின்றால் உள்ளே சரக்கு இருக்கிறது. மாப்பிள்ளை ஒழுங்காகக் கம்பியை விட்டுப் பார்த்தார். கோடு நேராக நின்றது. காலி என்று நம்பினார்.

ஆக, கோடே பொய். சனிக்கிழமை துப்பாக்கிக்குள் மருந்து இருக்கும்போதே யாரோ ஒரு மகாபுத்திசாலி புதுக் கம்பியை உள்ளே விட்டு, 'இதுதான் காலி' என்று கோடு போட்டிருக்கிறான்.

யார் போட்டது என்பதுதான் கேஸ். "கம்பி செய்துகொடுத்த பட்டறைக்காரிதான் சனிக்கிழமை மதியம் சங்கத்துக்கு வந்து போட்டாள்" என்று தலைவர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். "கம்பியை வாங்கிக்கொண்டு என்னை வாசலோடு அனுப்பிவிட்டார், கோடு நான் போடவில்லை" என்கிறார் பட்டறைக்காரம்மா. சாட்சி கிடையாது. தலைவருக்குச் செல்வாக்கு உண்டு. புகார் நின்றால் அம்மாளுக்கு ஜெயில், பட்டறை லைசென்ஸ் ரத்து. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு, இரண்டையும் ஒன்றாகத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் போனால் தலைக்கு மேலே கூரையும் போகும்.

"அந்தக் கம்பியை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார்?" என்று அண்ணி கேட்டார்.

அம்மாளின் முகத்தில் முதல் தடவையாகக் கோபம் தெரிந்தது.

"எங்க தேர்ந்தெடுத்தார்? நகைக்கடையில வளையல் பார்க்கற மாதிரி பார்த்தார். நான் ஸ்டீல் எடுத்துக்கோங்கன்னேன். வளையாது, மண்ணு ஒட்டாது, துடைச்சா சுத்தம். இல்ல, நேர் ரேகை உள்ள மரம் எடுத்துக்கோங்கன்னேன். அலுமினியம் வேண்டாம், மெத்துனு இருக்கும், தூசி அதுல பதிஞ்சு குழலுக்குள்ள உப்புத்தாள் மாதிரி அராவும்னேன். எதையும் காதுல வாங்கல. 'எது நல்லா பளபளன்னு இருக்கும்?'னு கேட்டார்."

"பித்தளை," என்றேன்.

"பித்தளைதான். தப்புன்னு சொல்ல மாட்டேன். துடைச்சுத் துடைச்சு வச்சுக்கணும், கட்டையைப் பிடிச்சு இடிக்கற மாதிரி இடிக்காம கொஞ்சம் கொஞ்சமா தள்ளணும். முனையைக் குறுக்கே ஆணி அடிச்சு இறுக்கிக் கொடுத்தேன். வெறும் பசையில ஒட்டினா சுத்தம் பண்ணும்போது முனை உள்ளேயே கழண்டு நின்னுடும். கைப்பிடி தானா சுத்தற மாதிரி வச்சேன். குழலுக்குள்ள புரி ஓடுதில்ல, துடைக்கற துணி அதோட சேர்ந்து திரும்பணும். இதெல்லாம் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தா, 'வச்சுட்டுப் போ'ன்னார்."

"இங்க ஒரு கம்பிக்குக் கோடு போட்டுக் காட்டுங்க," என்றார் அண்ணி.

அம்மாள் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு துப்பாக்கியை எடுத்துச் செங்குத்தாக நிறுத்தினார். ஒரு ஸ்டீல் கம்பியில் பித்தளைக் கூம்பு ஒன்றைக் கோத்தார். நடுவில் ஓட்டை போட்ட சின்னக் கூம்பு. கம்பியைக் குழலில் நழுவ விட்டார். 'டிங்' என்று மணி மாதிரி கேட்டது.

"காலி," என்றார். "உள்ள ஏதாவது இருந்தா 'தொப்'னு கேக்கும்."

கூம்பைக் கீழே தள்ளிக் குழலின் வாயில் உட்கார வைத்தார். கம்பி இப்போது அசையாமல் நட்டநடுவில் நின்றது. கூம்பின் மேல் விளிம்பை ஒட்டி அரத்தால் ஒரு சுற்றுச் சுற்றினார். மெல்லிய கோடு விழுந்தது.

"இந்தக் கூம்பு எதுக்கு?"

"கம்பி வாயோட விளிம்புல உரசாம இருக்க. விளிம்பு தேஞ்சா குண்டு நேரா போகாது. கூம்பு இல்லாம கம்பியைக் குழல்ல விட எனக்குக் கையே வராதுங்க. பத்தொம்பது வருஷத்துல ஒரு தடவை விட்டதில்ல. சங்கத்துல இருக்கற ஏழு பேருக்கும் கம்பியோட ஒரு கூம்பும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கேன்."

அண்ணி சிரித்தார். அண்ணி சிரித்தால் எங்கேயோ ஒருவனுக்குக் கெட்ட நேரம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

சங்கத்துக்குக் காரில் போகும்போது என் கண்டுபிடிப்பை எடுத்து விட்டேன்.

"அண்ணி, இது கொலை முயற்சி. மாமனாருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கல. வேணும்னே தப்பா கோடு போட்டு, தன் துப்பாக்கியையே கொடுத்து..."

"கொலை பண்றதுக்குக் கொஞ்சம் புத்தி வேணும் தம்பி."

"அவரைப் பார்க்காமலேயே சொல்றீங்களே?"

"போட்டோ பார்த்தேன். துப்பாக்கியைக் கையில வச்சுட்டு வயித்தை உள்ள இழுத்துட்டு நிக்கறார். கொலைகாரன் வயித்தை இழுக்க மாட்டான், அவனுக்கு வேற கவலை இருக்கும்."

அதோடு என் தியரி செத்தது.

சங்கக் கட்டடத்தின் கூடத்தில் சுவரெல்லாம் ஒரே முகம். தலைவர் கோப்பை வாங்குகிறார், தலைவர் கோப்பை கொடுக்கிறார். ஒரு படத்தில் இரண்டையும் அவரே செய்கிற மாதிரி இருந்தது, கிட்டே போய்ப் பார்த்தேன், நிஜமாகவே அப்படித்தான். கூடத்தின் நடுவில் கை வைத்த நாற்காலியில் அவர். சுற்றிலும் கை இல்லாத நாற்காலிகளில் ஆறு உறுப்பினர்கள். தலைவர் மூக்கைச் சொறிந்தால்கூட 'ஆமாம்' என்று தலையாட்டக் கூடிய ஆட்கள்.

ஜன்னலோரம் ஒரு பெண் கான்வாஸ் பையில் சட்டை, கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில் என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. தலைவரின் மகள். புருஷனின் அலமாரியைக் காலி செய்ய வந்திருக்கிறாள்.

"அவர் தூங்கவே மாட்டேங்கறார்," என்று அண்ணியிடம் மெல்லச் சொன்னாள். "'நான்தான் சரியா பார்க்கலையோ, கோடு மேல நின்னுச்சோ'ன்னு ராத்திரி பகல் அதே பேச்சு. விரல் போனதைவிட அதுதான் அவரை அரிக்குது."

"அந்தப் பட்டறைக்காரி உள்ள போகட்டும், எல்லாம் சரியாயிடும்," என்றார் தலைவர் நாற்காலியிலிருந்தே. பிறகு அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் துப்பறியும் அம்மாவா? உங்களை யார் அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியும். கேளுங்க. எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்," என்றார் அண்ணி, பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு. "நல்ல கம்பி எப்படிப் பார்த்து எடுக்கறதுன்னு முதல்ல சொல்லிக் கொடுங்களேன்."

ஆசாமிக்கு இது போதும். எழுந்தே விட்டார். வயிறு உள்ளே போனது.

"மரக்கம்பி கஞ்சனுக்கு. அலுமினியம் பாத்திரக் கடைக்கு. ஃபைபர் மீன் பிடிக்க. ஸ்டீல் கசாப்புக் கடைக்கு. பித்தளை ஒண்ணுதான் கம்பி. பார்த்தாலே ஒரு கம்பீரம் வேணாமா?"

"ஆமாம்," என்றன ஆறு தலைகள்.

"நீளம் சார்?"

"நம்ம உயரத்துக்குத் தகுந்த மாதிரி."

உயரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்! கம்பி குழலைவிட ஒரு சாண் நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முஷ்டி குழல் வாயில் போய் இடிக்கும் என்று காலையில்தான் பட்டறைக்காரம்மா என்னிடமே சொல்லியிருந்தார். நானே திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

"அப்புறம், இந்தக் கூம்பு..."

தலைவர் சிரித்தார். உறுப்பினர்களும் சிரித்தார்கள்.

"அது கை நடுங்கறவங்களுக்கு மேடம். புனல் வச்சு எண்ணெய் ஊத்தற மாதிரி. முப்பது வருஷமா இந்தக் கை பழகியிருக்கு. என் கம்பி கூம்பைத் தொட்டதே கிடையாது. எங்க சங்கத்துல ஒருத்தனும் போட மாட்டான்."

அவர் நாற்காலிக்கு முன்னால் இருந்த மேஜையின் இழுப்பறையை நான் சும்மா இழுத்துப் பார்த்தேன். ஏழு கூம்புகள், ஏழும் வாங்கிய பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருட்டு என்று யாராவது சொன்னால் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே ஒரு கான்ஸ்டபிளும் பட்டறைக்காரம்மாவும். இன்ஸ்பெக்டர் கையில் துணி சுற்றிய நீளமான பொட்டலம், அந்தப் பித்தளைக் கம்பி. அண்ணி போனில் கேட்டுக்கொண்டதால் எடுத்து வந்திருந்தார்.

"அரை மணி நேரம்தான் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "மேலிடத்துலேருந்து ரெண்டு தடவை போன் வந்தாச்சு."

தலைவர் புன்னகை செய்தார். மேலிடத்துக்குச் சொன்னது யார் என்பது அந்தப் புன்னகையிலேயே தெரிந்தது.

"சார், இந்தம்மா வேலை எப்படி?" என்று அண்ணி தலைவரைக் கேட்டார். "உங்க ஸ்டாண்டுல இருக்கற கம்பியெல்லாம் இவங்க செஞ்சதுதானே? நீங்கதான் விஷயம் தெரிஞ்சவர். சோதிச்சுச் சொல்லுங்களேன். இன்ஸ்பெக்டரும் எழுதிக்கட்டும்."

பட்டறைக்காரம்மாவைத் திட்டக் கிடைக்கிற வாய்ப்பை அந்த மனுஷன் எந்தக் காலத்தில் விட்டார்! ஸ்டாண்டிலிருந்து முதல் துப்பாக்கியை எடுத்தார். காலிதான் என்று இன்ஸ்பெக்டர் சரிபார்த்துக்கொண்டார். அதற்கான கம்பியைத் தலைவர் கூம்பு கீம்பு எதுவுமில்லாமல் சரக்கென்று குழலில் விட்டார். விளிம்பில் உரசிய சத்தம் எனக்கே கேட்டது. பட்டறைக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"பாருங்க!" என்று தலைவர் கத்தினார். "துப்பாக்கி காலி. கோடு எங்க நிக்குது? வாய்க்கு ரெண்டு சென்டிமீட்டர் மேல! இதுதான் இவ லட்சணம்!"

"ஐயையோ," என்றார் அண்ணி. "அடுத்தது?"

அடுத்ததும் இரண்டு சென்டிமீட்டர் மேலே. அதற்கடுத்ததும். தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாலு, ஐந்து, ஆறு. ஸ்கேலை வைத்து அவரே அளந்து அவரே வாசித்தார். இன்ஸ்பெக்டர் எழுதினார்.

"நாங்க எப்பவும் ரெண்டு விரல் கழிச்சுத்தான் பார்த்துக்குவோம்," என்றார் ஒரு உறுப்பினர், தானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"கேட்டீங்களா? என் ஆட்கள் இவளோட தப்பைக் கழிச்சுக் கழிச்சு உயிர் பிழைச்சிருக்காங்க! இவ போட்ட ஒரு கோடாவது சரியா இருக்கா? ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ரெண்டு சென்டிமீட்டர் மேல. எழுதிக்கோங்க இன்ஸ்பெக்டர்."

"எழுதிட்டேன் சார்."

"கையெழுத்துப் போட்டுடுங்களேன்," என்றார் அண்ணி.

பெரிய எழுத்தில், கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பட்டறைக்காரம்மாவின் முகம் வெளிறிவிட்டது. நாம் யாருக்காக வந்தோமோ அவருக்கு எதிராக அண்ணியே ஆறு சாட்சியம் சேர்த்துக் கொடுத்துவிட்டாரே!

அண்ணி என்னிடம் கையை நீட்டினார். நான் பையிலிருந்த கூம்பைக் கொடுத்தேன். அண்ணி அதை ஆறாவது கம்பியில் கோத்து, குழலின் வாயில் உட்கார வைத்தார். கோடு கூம்பின் விளிம்புக்கு நேராக, மயிரிழை பிசகாமல் நின்றது. மற்ற ஐந்துக்கும் அதே கூம்பை மாற்றி மாற்றிப் போட்டார். ஐந்தும் நேர்.

"கூம்போட உயரம் ரெண்டு சென்டிமீட்டர்," என்றார் அண்ணி. "இவங்க கூம்பைப் போட்டுத்தான் கோடு போடுவாங்க. நீங்க கூம்பைப் போடாம பார்க்கறீங்க. கோடு மேலதான் தெரியும். இவங்க வேலையில தப்பில்ல."

"அதனால என்ன?" என்றார் தலைவர். "என் கம்பியிலயும் அப்படித்தான் போட்டிருப்பா. துப்பாக்கி காலியான்னுகூடப் பார்க்காம போட்டிருப்பா. மாப்பிள்ளை கை போச்சு."

"சரி, அதையும் பார்த்துடலாம். வெடிச்ச துப்பாக்கிக்கு ஜோடி ஒண்ணு உங்ககிட்ட இருக்கில்ல? ஒரே அளவு?"

ஜோடி இருந்தது. எதையும் ஒற்றையாக வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. அண்ணி சொன்னபடி பட்டறைக்காரம்மா அதில் மருந்துக்குப் பதிலாக அதே அளவு மரத்தூளைக் கொட்டி, ஒரு குண்டை இறக்கினார். உள்ளே ஒரு சரக்கு. சனிக்கிழமை மழையில் விட்டுப்போன துப்பாக்கி மாதிரியே.

அண்ணி துணியைப் பிரித்துப் பித்தளைக் கம்பியை எடுத்தார். பளபளவென்றுதான் இருந்தது.

"இந்தத் துப்பாக்கியில இப்போ சரக்கு இருக்கு. இவங்க இதே நிலைமையில கோடு போட்டிருந்தா, கூம்பு வச்சுப் போட்டிருப்பாங்க. கூம்பு இல்லாம விட்டா கோடு எங்க நிக்கணும் சார்? நீங்களே சொன்னீங்க, நீங்களே கையெழுத்துப் போட்டீங்க. இவங்க போட்ட எல்லாக் கோடும்...?"

தலைவர் இன்ஸ்பெக்டரின் தாளை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு சென்டிமீட்டர் மேல," என்று நான் எடுத்துக் கொடுத்தேன். ஆறு தலைகளில் இரண்டு பழக்கதோஷத்தில் ஆடிவிட்டன.

அண்ணி கம்பியைக் குழலில் மெதுவாக இறக்கினார். 'தொப்' என்று நின்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கோடு குழலின் வாய்க்கு நேராக, விளிம்போடு விளிம்பாக நின்றது. மேலே இல்லை, கீழே இல்லை.

"இதைப் போட்டவர் கூம்பு வைக்கல," என்றார் அண்ணி. "வெறும் வாயில கம்பியை விட்டு, அப்படியே கோடு கிழிச்சிருக்கார். பத்தொம்பது வருஷமா கூம்பில்லாம கம்பியைத் தொடாத ஒருத்தர் செஞ்ச வேலை இல்ல இது."

தலைவரின் வயிறு தன் இஷ்டத்துக்கு வெளியே வந்துவிட்டது.

"அப்போ... இவனுங்கள்ல எவனாவது போட்டிருப்பான்!" என்று உறுப்பினர்களைப் பார்த்துக் கையை நீட்டினார். "இங்க எவனும் கூம்பு போட மாட்டான்!"

ஆறு பேரும் முதல் தடவையாகத் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்ஸ்பெக்டர் சார், புகாரோட மூணாவது பாராவை வாசிங்களேன்," என்றார் அண்ணி.

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார். "'மேற்படி கம்பி சனிக்கிழமை மதியம் என் கைக்கு வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை காலை நானே என் மாப்பிள்ளையிடம் எடுத்துக் கொடுக்கும் வரை, என் அறையில் என் பூட்டில் இருந்தது. வேறு எவரும் அதைத் தொடவில்லை என்று உறுதி கூறுகிறேன்.'"

பட்டறைக்காரியைத் தவிர வேறு யார் மேலும் சந்தேகம் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதிய வரி அது. எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டு, உள்ளே தானே நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா." மகள் பையைக் கீழே வைத்திருந்தாள். "நீங்களா போட்டீங்க?"

"மழையில எவனோ கெட்டிச்சு வச்சுட்டுப் போயிருக்கான், எனக்கு எப்படித் தெரியும்? புதுக் கம்பி வந்துச்சு, போட்டுப் பார்த்தேன். கோடு போடறது ஒரு பெரிய வித்தையா?"

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமையே தெரியும்," என்றார் அண்ணி. "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்குப் போயிருக்கார். புகார்ல நேரம் இருக்கு. மாப்பிள்ளை ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கும்போது இவர் மூணு பக்கம் எழுதியிருக்கார்."

மகள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வேணும்னா பண்ணினேன்?" என்று தலைவர் குரலை உயர்த்தினார். "முப்பது வருஷமா தலைவரா இருக்கேன். கோடு தப்பாப் போட்டேன்னு வெளிய தெரிஞ்சா என்ன மரியாதை எனக்கு? அவளுக்கென்ன, ஒரு பட்டறை போனா இன்னொரு பட்டறை. இப்பவும் சொல்றேன், கம்பி சரியான கம்பிதான். பித்தளையில ஒரு குறையும் இல்ல!"

நான் நிறைய அற்பர்களைப் பார்த்திருக்கிறேன். அண்ணியோடு சுற்றினால் வாரத்துக்கு ரெண்டு பேராவது கிடைப்பார்கள். திருடினவன், ஏமாற்றினவன், பொண்டாட்டியை அடித்தவன். மூன்று விரல் போன மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும்போது பித்தளைக்கு வக்காலத்து வாங்கினவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

ஒரு நிமிஷத்தில் அவர் சுதாரித்துக்கொண்டார். அந்த ரகம் சீக்கிரம் சுதாரித்துக்கொள்ளும். பேனாவை எடுத்துக்கொண்டு, முகத்தில் பெருந்தன்மையை வரவழைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார்.

"சரி, விடுங்க. நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். பாவம், பொம்பளை. இத்தோட முடிச்சுக்கலாம்."

"வேண்டாம்," என்றார் பட்டறைக்காரம்மா.

வந்ததிலிருந்து அந்தக் கூடத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வாபஸ் வாங்காதீங்க ஐயா. அது உங்க கையெழுத்தோட அப்படியே இருக்கட்டும். பொய்ப் புகார் கொடுத்தா அதுக்கும் ஒரு செக்‌ஷன் இருக்காம், வர்ற வழியில கான்ஸ்டபிள் சார் சொன்னார்."

கான்ஸ்டபிள் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தலைவரின் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கி, மூடி, மேஜை மேல் வைத்தார். பிறகு ஃபைலை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வண்டியில ஏறுங்க சார். மேலிடத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

தலைவர் உறுப்பினர்களைப் பார்த்தார். ஆறு பேரும் சுவரில் இருந்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக மகள் பக்கம் திரும்பினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. செல்போனைக் காதில் வைத்திருந்தாள். இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"என்னங்க, முழிச்சிருக்கீங்களா... கேளுங்க. நீங்க சரியாத்தான் பார்த்தீங்க. உங்க மேல தப்பே இல்ல. கோடுதான் தப்பு... ஆமா, யார் போட்டதுன்னு தெரிஞ்சுடுச்சு... இல்லங்க, அந்தம்மா இல்ல." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எங்கப்பா."